மாத்தளை வீட்டுக்கு எந்த நத்தார் மரம்?

வடகீழ்ப் பருவமழை நக்கிள்ஸ் மலைத்தொடரின் சிகரங்களை மேகத்தால் மூடி, ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து நகருக்கு இறங்குகிறவர்கள் குடையும் கையுமாக வரும் டிசம்பர் மாதத்தின் முதல் வாரத்திலேயே, மாத்தளை கடைவீதியில் நீண்ட அட்டைப் பெட்டிகளுக்குள் மடித்து அடைக்கப்பட்ட பச்சைப் பிளாஸ்டிக் மரங்கள் வந்து இறங்கிவிடுகின்றன. மரம் இல்லாத நத்தார் ஒரு நத்தாரா என்று பிள்ளைகள் கேட்கத் தொடங்கும்போது, இந்த வருஷமாவது உண்மையான மரம் ஒன்றைத் தேடிப் பிடிப்பதா, அல்லது ஒரேயடியாகப் பணத்தைப் போட்டுப் பெட்டி மரம் ஒன்றை எடுத்துவிடுவதா என்ற யோசனை பெற்றோருக்கு வருகிறது. மேல்நாட்டுப் பத்திரிகைகளில் இந்தக் கேள்விக்கு ஆண்டுதோறும் விடை சொல்லப்படுகிறது. ஆனால் அந்த விடை குளிர்தேசத்துக் கமக்காரன் ஒருவன் தன் நிலத்தில் பயிராக வளர்த்த மரத்தை மனத்தில் கொண்டு சொல்லப்படுவது. அதை அப்படியே எடுத்து மாத்தளைக்குப் பொருத்தினால் கணக்குப் பிசகிவிடும் என்பதே என் அபிப்பிராயம்.

வீட்டில் நத்தார் மரம் வைக்கும் வழக்கம் ஜெர்மானிய மொழி பேசிய தேசங்களில் பிறந்தது. ஸ்திராஸ்பூர்க் நகரத்து மக்கள் தங்கள் வீட்டுக்குள் ஊசியிலை மரத்தை நிறுத்தி, காகித ரோஜாக்களையும் ஆப்பிள்களையும் அதில் தொங்கவிட்டார்கள் என்று 1605ஆம் ஆண்டுக் குறிப்பொன்று கூறுகிறது. விக்டோரியா மகாராணியின் குடும்பம் அலங்கரித்த மரத்தைச் சூழ்ந்து நிற்கும் சித்திரத்தை லண்டன் பத்திரிகை ஒன்று 1848 டிசம்பரில் வெளியிட்ட பின்னரே ஆங்கிலேயரின் சாதாரண வீடுகளுக்கும் அது பரவலாயிற்று. அதே 1848ஆம் ஆண்டின் ஜூலை மாதத்தில்தான் ஆங்கிலேயருக்கு எதிராகத் தம்புள்ளை விகாரையிலே கொங்காலேகொட பண்டா அரசனாக முடிசூட்டப்பட்டதும், மாத்தளையில் கிளர்ச்சி மூண்டதும், ஆகஸ்ட் 8ஆம் திகதி அதன் தலைவர்களுள் ஒருவரான புரன் அப்பு கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டதும் நிகழ்ந்தன. மன்னாரில் இறங்கித் தம்புள்ளை வழியாகக் கால்நடையாக மாத்தளைக்கு வந்துகொண்டிருந்த தமிழ்த் தொழிலாளர் அக்காலத்தில் கோப்பித் தோட்டங்களை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். துரைமாரின் பங்களாக்களுக்கு வந்த மரம், பின்னர் மிஷனரிமார் மூலமாகவும் ஆலயங்கள் மூலமாகவும் நம்மவரிடம் வந்து சேர்ந்தது. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் தமிழ்நாட்டிலும் கடற்கரைச் சவுக்கின் கிளை நத்தார் மரமாயிற்று. மலைநாட்டிலே அந்த ஸ்தானத்தைச் சைப்பிரஸ் பெற்றது.

இவ்விடத்தில் ஒன்றைக் கவனிக்கவேண்டும். ஊசியிலைக் கூம்பு மரங்களுள் இலங்கைக்கே உரியது என்று சொல்லத்தக்கது ஒன்றுகூட இல்லை. சைப்பிரஸ் அமெரிக்கக் கண்டத்திலிருந்தும், பைனஸ் மத்திய அமெரிக்க, கரிபியன் பிரதேசங்களிலிருந்தும், தட்டுத் தட்டாகக் கிளை விரிக்கும் அரோகேரியா பசிபிக் சமுத்திரத்து நோர்போக் தீவிலிருந்தும் இங்கே கொண்டுவரப்பட்டவை. வெளியிலிருந்து வந்து வேரூன்றியவற்றை ‘வந்தவை’ என்று இகழ்வது மலையகத் தமிழனுக்கு அழகன்று. ஆயினும் நாம் ‘உண்மையான மரம்’ என்று சொல்லும்போது அது எங்கிருந்து, எவ்வாறு வெட்டப்பட்டது என்று விசாரிக்காமல் இருக்கக்கூடாது.

ஐரோப்பாவில் இம்மரம் ஒரு விளைபொருள். ஏழெட்டு ஆண்டுகள் வளர்த்து அறுக்கிறார்கள், அறுத்த இடத்தில் மறுபடியும் கன்று நடுகிறார்கள். இங்கேயோ காற்றைத் தடுப்பதற்காகவும் பலகைக்காகவும் நடப்பட்ட சைப்பிரஸ் மரமொன்றின் நுனியே பல வேளைகளில் நத்தார் மரமாகிறது. நுனி போன மரம் நேராக உயராது. பக்கக் கிளைகள் இரண்டு மூன்று போட்டியிட்டு எழுந்து, அடிமரம் கவடு விட்டு, பலகைக்கு உதவாமற் போகிறது. ஐந்து நாள் அலங்காரத்துக்காக முப்பது வருஷத்து மரமொன்று ஊனப்படுவதை நினைத்தால் எனக்கு மனம் ஒப்பவில்லை. வளர்ந்த மரங்களை ஐதாக்கும்போது கழிக்கப்படும் இளமரமோ பக்கக் கிளையோ கிடைத்தால் அது வேறு விஷயம். விற்பவரிடம் அதைக் கேட்டு வாங்குவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

இன்னொரு சங்கடம் சீதோஷ்ணத்தைப் பற்றியது. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலிருக்க, மாத்தளை நகரமோ ஏறக்குறைய 360 மீற்றர் உயரத்திலேயே இருக்கிறது. அங்கே வெட்டி, லொறியில் ஏறத்தாழ 100 கிலோமீற்றர் கீழிறக்கப்பட்ட மரம் இந்த ஊர் வெப்பத்தில் விரைவாக உலர்ந்துவிடும். வாங்கும்போது ஒரு சிறு கொப்பை விரல்களுக்கிடையே கசக்கிப் பாருங்கள். செதில் செதிலாக அடுக்கிய அந்த இலை வளைந்துகொடுத்து, எலுமிச்சை கலந்த பிசின் வாசனை கையில் ஒட்டினால் மரம் புதியது. மொறுமொறுவென்று உடைந்து உள்ளங்கையில் தூளானால் எத்தனை மலிவாகக் கொடுத்தாலும் வாங்கவேண்டாம். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அடியில் ஓர் அங்குலத்தை வாளால் அறுத்தெடுத்து உடனே தண்ணீரில் நிறுத்தவேண்டும். ஏனெனில் பழைய வெட்டுவாயைப் பிசின் அடைத்துவிட்டால் மரம் நீரை உறிஞ்சாது. பலர் வாளியில் மணலை நிரப்பி மரத்தை நட்டுவிட்டுத் தண்ணீரை மறந்துவிடுகிறார்கள். அப்படி உலர்ந்த மரத்தின் அருகே மெழுகுவர்த்தி ஏற்றுவதும், லயத்து அறையின் பழைய மின்கம்பியிலிருந்து மலிவான விளக்குச் சரத்துக்கு இணைப்பு எடுப்பதும் ஆபத்தானவை. உலர்ந்த ஊசியிலை பற்றிக்கொண்டால் ஒரு வாளித் தண்ணீரைத் தேடி எடுப்பதற்குள் காரியம் கைமீறிவிடும்.

மலைச்சரிவுகளிலே பைனஸ் தோப்புகள் இருக்கின்றனவே, அங்கே ஒரு கிளை வெட்டினால் என்ன என்று கேட்பவர் உண்டு. பத்தனைப் புல்வெளிகளிலும் கைவிடப்பட்ட தேயிலைக் காணிகளிலும் மண்ணைக் காப்பதற்கென்று சென்ற நூற்றாண்டின் பிற்பாதியில் அரசாங்கம் நட்டவை அவை. அவற்றின் கீழே பிற செடிகள் எளிதில் முளைப்பதில்லை என்றும், உதிர்ந்த ஊசியிலை வரட்சிக் காலத்தில் காட்டுத்தீக்கு இரையாகிறது என்றும், ஊற்றுகள் வற்றுகின்றன என்றும் கிராமத்தவர் குறைகூறுவர். ஆனால் பேராதனைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர்களான சாவித்திரி குணதிலக்கவும் நிமல் குணதிலக்கவும் மார்க் ஆஷ்டன் என்னும் ஆய்வாளருடன் சேர்ந்து சிங்கராஜ வனத்தின் ஓரத்தில் செய்த பரிசோதனைகளோ, பைனஸை வரிசை வரிசையாக நீக்கி இடையே சுதேச மரக்கன்றுகளை நட்டால் அதன் நிழலிலேயே மழைக்காட்டு மரங்கள் செழிப்பாக வளரும் என்று காட்டின. பயன்மிக்க வழி அதுவே. ஆளாளுக்குக் கத்தியோடு புகுந்து வெட்டினால் அது நடவாது. அரச வனத்தில் அனுமதியின்றி மரம் வெட்டுவது 1907ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையிலுள்ள காட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி குற்றமுமாகும்.

இனிச் செயற்கை மரத்தைப் பார்ப்போம். அது இக்காலத்தவரின் கண்டுபிடிப்பு மட்டுமன்று. காடுகள் குறைகின்றன என்ற கவலையினால் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மானியர் வாத்து இறகுகளுக்குப் பச்சைச் சாயமிட்டுக் கம்பியில் சுற்றி மரம் செய்தார்கள். இன்றைக்கு நம் கடைகளுக்கு வருபவை பெரும்பாலும் சீனாவில் ஆகின்றவை. ஒரு கிளையைக் கழற்றி உற்றுப் பார்த்தால், பி.வி.சி. தகட்டை மெல்லிய இழைகளாகக் கீறி, இரண்டு கம்பிகளுக்கு நடுவே வைத்துக் கயிறு போல் முறுக்கியிருப்பது தெரியும். பிளாஸ்டிக்கும் இரும்பும் இவ்வாறு பின்னிக் கிடப்பதனால் பழைய இரும்புக்காரரும் அதை எடுப்பதில்லை. பழைய மரங்கள் சிலவற்றின் பிளாஸ்டிக்கில் ஈயமும் சேர்ந்திருந்தது. ஆகையால் கிளைகள் நொறுங்கித் தூள் கொட்டத் தொடங்கிய மரத்தின் அருகே தவழும் குழந்தையை விடலாகாது. கொல்லைப்புறத்தில் குப்பையோடு குப்பையாக அதை எரிப்பது எல்லாவற்றிலும் கேடானது. பி.வி.சி. எரிந்தால் ஐதரசன் குளோரைட்டும் டையொக்சின் என்னும் நச்சும் புகையாக எழும்.

பிரித்தானியாவின் கார்பன் டிரஸ்ட் என்னும் ஸ்தாபனம் போட்ட கணக்கொன்று பிரசித்தமானது. 2 மீற்றர் உயரமுள்ள செயற்கை மரத்தினால் ஏறக்குறைய 40 கிலோகிராம் காபனீரொட்சைட்டுக்குச் சமமான வாயு வெளியாகிறது. அதே உயரமுள்ள உண்மையான மரத்தைப் பண்டிகைக்குப் பின் விறகாக எரித்தாலோ சீவித் தூளாக்கி மண்ணிலிட்டாலோ 3.5 கிலோகிராமும், குப்பை மேட்டில் புதைந்து அழுகவிட்டால் மீதேன் எழுவதால் 16 கிலோகிராமும் ஆகும். அதாவது செயற்கை மரத்தை வாங்கியவர் அதைப் பன்னிரண்டு நத்தார்களுக்காவது பேணவேண்டும். ஆகவே, பரணில் ஏற்கெனவே ஒரு மரம் இருக்கிறவர்கள் இந்த வருஷம் கடையில் பளபளக்கும் புதியதைக் கண்டு மயங்கவேண்டாம். தூசி தட்டி, ஈரத்துணியால் துடைத்து, ஒடிந்த கிளையைக் கம்பியால் கட்டி அதையே நிறுத்துவது குற்றமற்ற தேர்வு. அதற்கு வேறு நியாயம் தேவையில்லை. பகட்டுக்கு மயங்குவது வீடுகளில் மட்டுமன்று: 2016ஆம் ஆண்டில் கொழும்பு காலிமுகத்திடலில் இரும்புச் சட்டத்தின் மீது பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பைனஸ் காய்களைப் பதித்து, 72.1 மீற்றர் உயரத்துக்கு எழுப்பிய மரம் உலக சாதனை படைத்தது. அது வீண் செலவென்று கர்தினால் மல்கம் ரஞ்சித் கண்டித்ததை நான் நியாயமென்றே கருதுகிறேன்.

குப்பை என்ற விஷயத்தில் மாத்தளைவாசிகள் ஓரளவு பாக்கியசாலிகள். வீட்டுக் குப்பையைத் தரம்பிரித்துப் பசளையாக்கும் நிலையமொன்றை, ஐக்கிய நாடுகளின் ஆசிய பசிபிக் ஆணைக்குழுவும் செவனத்த என்னும் நிறுவனமும் மாநகரசபையோடு சேர்ந்து 2007இல் இங்கே தொடங்கின. பிற ஆசிய நகரங்களுக்கும் அது முன்மாதிரியாயிற்று. வெட்டிய மரத்தைக் குப்பை மேட்டுக்கு அனுப்பாமல் துண்டு போட்டுப் பசளையாக்கலாம். கொல்லையில் மிளகுக் கொடி இருக்கிறவர்கள் அடியிலே மூடாக்காகப் பரப்பலாம். தண்டு விறகுக்கு ஆகும்.

பரணில் மரம் இல்லாத, புதிதாக ஒன்று தேடுகிற குடும்பத்துக்கு நான் சொல்லக்கூடியது, தொட்டியில் வளரும் அரோகேரியாக் கன்று. மாத்தளையின் இளஞ்சூட்டைச் சைப்பிரஸைவிட அது நன்றாகத் தாங்கும். மெல்ல வளர்வதனால் தொட்டியிலேயே சில வருஷங்கள் இருக்கும். முழங்கால் உயரத்துக் கன்றாக இருந்தாலும், மேசைமீது வைத்துப் பக்கத்தில் பாலன் குடிலை அமைத்தால் பார்வைக்குக் குறைவில்லை. அதன் உச்சிக் குருத்தை ஒருபோதும் கிள்ளக்கூடாது. கிள்ளினால் அந்த அழகிய கூம்பு வடிவம் திரும்ப வராது. கிளைகள் மென்மையானவை ஆதலால் கனத்த கண்ணாடி உருண்டைகளைத் தவிர்த்து, காகித நட்சத்திரங்களையும் சூடேறாத எல்.ஈ.டி. விளக்குகளையும் மாட்டுவது நலம். பத்துப் பன்னிரண்டு நாட்களுக்கு மேல் அதை வீட்டின் இருட்டில் வைத்திராமல், மூன்று இராசாக்கள் திருநாள் முடிந்ததும் வாசலில் அரை நிழலுக்குக் கொண்டுபோய்விடவேண்டும்.

தொட்டிக்கு அடங்காத அளவுக்கு அது வளர்ந்தபின் எங்கே நடுவது என்பதையும் இப்போதே யோசித்துக்கொள்வது நல்லது. தாய்மண்ணிலே 60 மீற்றர் வரை உயரக்கூடிய மரம் அது. லயத்துக் கூரையருகிலும் மின்கம்பிகளின் கீழும் நட இடமில்லை. ஆலய வளவோ பாடசாலை மைதானத்தின் ஓரமோ இருந்தால், பங்குத் தந்தையிடமோ அதிபரிடமோ சொல்லி அங்கே நடலாம். அப்படி நட்ட மரம் பின்னர் ஊருக்கே பொதுவான நத்தார் மரமாகிவிடும். ஆண்டுதோறும் வீட்டுக்கு வீடு ஒரு மரம் தேடவேண்டிய அவசியமும் குறையும். நடுவதாயிருந்தால் தை மாதத்து மழை ஓயுமுன் நட்டுவிட வேண்டும். மாசியில் மாத்தளை வெயில் ஏறிவிட்டால் நாள்தோறும் தண்ணீர் சுமக்க நேரிடும்.