ஆள் கிடைக்காத நிலத்துக்குச் சவுக்கு கைகொடுக்கும்!

ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பக்கம் இளைஞர்கள் கம்பெனி பஸ் ஏறிவிட்டார்கள். களை எடுக்க ஆளில்லாமல் நிலம் தரிசானால், முதலில் தேடி வருபவர் மனை புரோக்கர்தான்!

விற்காமல் காப்பாற்ற ஒரு வழி, காஞ்சிபுரம், செங்கல்பட்டு விவசாயிகளுக்குப் பழக்கமான சவுக்கு. முதல் வருடம் இடையில் வேர்க்கடலை, உளுந்து போடலாம், கைச்செலவுக்கு ஆகும். நிழல் கட்டியதும் ஊடுபயிரை நிறுத்திவிடலாம். சவுக்கின் வேர் முடிச்சில் வாழும் நுண்ணுயிர், காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துக் கொடுப்பதால் உரச்செலவும் குறையும். 4, 5 வருடத்தில் வெட்டினால் காகித ஆலைக்கும் கட்டடச் சாரத்துக்கும் போகும்.

தண்ணீர் தேங்கும் களிமண் இதற்கு ஆகாது. அங்கே வரப்போரம் தேக்கு, மகாகனி நடலாம். 2021-22-ல் தொடங்கிய நீடித்த பசுமைப் போர்வை இயக்கத்தில் மரக்கன்றுகள் இலவசம். உழவன் செயலியில் பதியுங்கள்!