புது வண்டியின் குறைகள்



தார்ச்சாலைக்கும் மண்பாதைக்கும் ஒருங்கே ஏற்ற புது மோட்டார் சைக்கிளில் ஒருவர் சேலத்திலிருந்து புறப்பட்டு, இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, ஏற்காட்டுக்கு அப்பாலுள்ள நாகலூரை அடைகிறார் எனக் கொள்வோம். இறங்கிப் பார்த்தால் ஒரு நட்டு தளர்ந்திருக்கிறது. கிளட்ச் கேபிள் தொய்ந்திருக்கிறது. இவை தொழிற்சாலையின் பிழைகளா?

உடனே அவ்வாறு முடிவு செய்தல் தகாது. புதிய உலோகப் பரப்புகள் ஒன்றோடொன்று படியும்போது முறுக்கிய பிடி சற்றே தளர்வது இயல்பு. புதுக் கேபிளும் சிறிது நீளும். இவற்றைச் சரிசெய்வதும் முதல் சர்வீஸின் நோக்கங்களுள் ஒன்று. குறித்த அளவுக்கு முறுக்கிய பின்னரும் அதே நட்டு மீண்டும் மீண்டும் தளருமாயின், அதுவே ஆராயத்தக்க குறை. அதனைக் கம்பியால் கட்டி மறைத்தல் கூடாது. நாள், ஓடிய தூரம், பாதையின் தன்மை ஆகியவற்றைக் குறித்து, விற்றவரிடம் எழுத்தில் கொடுத்து, ஒப்புகை பெறுதல் வேண்டும்.

ஏனெனில், ஒரு வண்டியில் வெளிப்படும் குறை பல்லாயிரம் வண்டிகளில் மறைந்திருக்கலாம். சென்னையில் வண்டிகளைத் தயாரிக்கும் ராயல் என்ஃபீல்டு நிறுவனம், 2020ஆம் ஆண்டில் ஹிமாலயன் உள்ளிட்ட ஏறத்தாழ 15,200 வண்டிகளைப் பிரிட்டன், ஐரோப்பா, தென் கொரியா ஆகிய இடங்களில் திரும்ப அழைத்தது. அங்கே குளிர்காலச் சாலைகளில் இடும் உப்பு பிரேக்கின் உறுப்புகளை அரிக்கக்கூடும் என்பதே காரணம். சென்னையில் உப்பிட்ட சாலை ஏது? ஓட்டும் இடந்தான் குறையைக் காட்டுகிறது.

உரிமையாளர்களுள் குறிப்பிட்ட விகிதத்தினர் ஒரே குறையைத் தெரிவித்தால், அவ்வகை வண்டிகளைத் திரும்ப அழைக்குமாறு மத்திய அரசு ஆணையிடுவதற்கு 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் வழிசெய்கிறது. ஆதலின், முணுமுணுப்பு காற்றோடு போகும். முறையாக எழுதிய குறிப்போ, மலைவளைவில் முன்பின் அறியாத ஒருவரின் உயிரையும் காக்கும்.