இரண்டு விரல் நுனிகள்

பர்மிங்ஹாம் நகரத்தில் இரும்புத் தகடு வேலை செய்யும் ஆலையொன்றில் கூலிக்கிருந்த டோனி அயோமி என்னும் 17 வயது இளைஞன், இனிக் கிதார் வாசிப்பதே ஜீவனோபாயம் என்று நிச்சயித்து, வேலைக்கு முழுக்குப் போடவிருந்த கடைசி நாளன்றே, வலக்கை நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் நுனிகளையும் யந்திரத்துக்குப் பலிகொடுத்தான். இடக்கைப் பழக்கமுள்ளவனாதலால், தந்தியை அழுத்த வேண்டிய விரல்களும் அவைதாம்; விதி சில சமயம் அப்படிக் குறிபார்த்துத்தான் அடிக்கிறது.

மனமொடிந்து கிடந்தவனுக்கு ஆலை மேஸ்திரி ஓர் இசைத்தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். தீ விபத்தில் இரு விரல்கள் முடங்கிய பின்னும் ஐரோப்பா வியக்க வாசித்த ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் வாசிப்பு அது. பையன் பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுக்குக் குல்லாய் செய்தான். அதன்மேல் தோலை ஒட்டினான். மெல்லிய தந்திகளைத் தேடிப் பூட்டினான்.

பாடகர் ஓஸி ஆஸ்போர்ன், பாஸ் கிதார் கீஸர் பட்லர், டிரம்ஸ் பில் வார்ட் ஆகியோருடன் அவன் சேர்ந்த குழு, போரிஸ் கார்லாஃப் நடித்த பேய்ப்படமொன்றின் பெயரையே சூட்டிக்கொண்டு ‘பிளாக் சாபத்’ ஆயிற்று. 1969 அக்டோபரில், லண்டனில் ரீஜெண்ட் சவுண்ட் என்னும் ஒலிப்பதிவுக்கூடத்தில், ரோஜர் பெயின் தயாரிப்பில், மேடையில் வாசிப்பதுபோலவே நால்வரும் ஒருசேர வாசித்து, முதல் ஆல்பத்தை ஒரே நாளில் பதிவுசெய்து முடித்தார்கள். இழைத்து மெருகேற்ற அவகாசமும் இல்லை, பணமும் இல்லை.

முதல் பாட்டில், பின்னர் சேர்த்த மழையும் மணியோசையும் அடங்கியதும், கிதார் மூன்றே ஸ்வரங்களை அசுர கதியில் அல்ல, ஆமை கதியில் இறக்குகிறது: ஷட்ஜம், மேல் ஷட்ஜம், பிரதி மத்யமம். ஷட்ஜத்துக்கும் பிரதி மத்யமத்துக்கும் உள்ள இந்த இடைவெளியைத்தான் மேனாட்டார் சங்கீதத்துப் பிசாசு என்று அஞ்சினார்கள். 72 மேளகர்த்தாக்களில் பாதி பிரதி மத்யம ராகங்களே என்றிருக்கும் நமக்கு இந்த அச்சம் சற்று வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் கனத்த மின்கிதாரின் உறுமலில், நிசப்தம் இடையிட்டு அது வரும்போது, கல்யாணியைக் கேட்டுப் பழகிய செவியும் திடுக்கிடவே செய்கிறது.

1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமையன்று தட்டு வெளிவந்தது. வெள்ளைக்காரர் அபசகுனமென்று கருதும் தேதியும் கிழமையும். விமர்சகர் பலர் இகழ்ந்தார்கள், ஜனங்கள் வாங்கினார்கள். பிரிட்டனில் 8-ஆம் இடம்வரை ஏறிய இதையே ‘ஹெவி மெட்டல்’ மரபின் தலைச்சன் பிள்ளையாகப் பலரும் கொள்கிறார்கள். அதன் முகப்பில் மேப்பிள்டர்ஹாம் என்ற ஊரின் பழைய நீராலையும், அதன் முன்னே கறுப்பு அங்கி தரித்த ஒரு பெண்ணுமே உண்டு. வாசித்த நால்வரில் எவர் முகமும் இல்லை, பிளாஸ்டிக் குல்லாயணிந்த அந்த விரல்களும் இல்லை.