இசையும் எண்ணும்

இசையரங்கில் பாடகர் வாய் திறப்பதற்கு முன்பே ஒலிக்கத் தொடங்குவது தம்புரா. அதில் உள்ள தந்திகள் நான்கே. ஒன்று பஞ்சமத்திலும், எஞ்சிய மூன்றும் சட்சத்திலும் சுருதி கூட்டப்பெறும். ஆகவே அக்கருவியிலிருந்து எழக்கூடிய சுரங்கள் ‘ச’, ‘ப’ என்னும் இரண்டே என்று எண்ணத் தோன்றும். ஆயின், நன்கு சுருதி சேர்ந்த தம்புராவின் அருகே அமைதியாக அமர்ந்து செவி சாய்ப்பவர், அவ்விரண்டோடு வேறொரு சுரமும் மெல்லென மிதந்து வருவதைக் கேட்பர். அஃது அந்தர காந்தாரம். அதற்கென எவரும் தந்தி பூட்டவில்லை. எவரும் அதனை மீட்டவும் இல்லை. தானே தோன்றுவது பற்றி இசைவாணர் அதனைச் ‘சுயம்பு காந்தாரம்’ என வழங்குவர்.

மீட்டாத சுரம் எங்கிருந்து வந்தது? இவ்வினாவிற்கு விடை தேடிச் செல்வோர் முதலில் தந்தியின் அதிர்வையும், பின்னர்க் கணிதத்தில் புகழ்பெற்ற தொடர் ஒன்றையும் எதிர்கொள்ள நேரும். இரண்டிற்கும் பெயர் ஒன்றே; இசைத் தொடர் என்பது அப்பெயர்.

இரு முனைகளிலும் இழுத்துக் கட்டப்பெற்ற தந்தியை மீட்டினால் அது முழுமையும் மேலும் கீழுமாக அதிர்கிறது. கண்ணுக்குப் புலனாவது இவ்வதிர்வே. ஆனால் அதே வேளையில் அத்தந்தி இரண்டு சம பாதிகளாகப் பிரிந்தும் அதிர்கிறது. மூன்று சம பகுதிகளாகவும், நான்காகவும், ஐந்தாகவும், இவ்வாறே மேன்மேலும் பிரிந்தும் அதிர்கிறது. ஒரே தந்தி ஒரே நேரத்தில் இத்தனை வகையாக அசைவது எங்ஙனம் என்று ஐயுறலாம். குளத்தில் இரண்டு கற்களை எறிந்து, அவற்றால் எழும் அலைகள் ஒன்றையொன்று அழிக்காமல் ஊடுருவிச் செல்வதைக் கண்டவர்க்கு இவ்வையம் எழாது.

இவ்வாறு பிரிந்து அதிரும்போது, ஒரு பகுதிக்கும் அடுத்த பகுதிக்கும் இடையே அசைவற்ற புள்ளி ஒன்று அமையும். அதனைக் கணு என்பர். வீணையின் தந்தியை மீட்டும்போது அதன் நடுப்புள்ளியை விரல் நுனியால் அழுத்தாமல் மெல்லத் தொட்டால், அடிப்படை ஒலி அடங்கி, ஒரு ஸ்தாயி மேலான சட்சம் தெளிவாக எழும். மூன்றில் ஒரு பங்கு தொலைவில் தொட்டால் மேற்பஞ்சமம் எழும். தொட்ட விரல் புதிய ஒலி எதனையும் படைக்கவில்லை. முன்னரே அங்கிருந்த மெல்லொலியை மறைத்து நின்ற பேரொலியை அது விலக்கியது, அவ்வளவே.

தந்தியின் பகுதி சிறுக்கச் சிறுக்க அதன் அதிர்வு விரையும். பாதி நீளம் இரு மடங்கு விரைவாகவும், மூன்றில் ஒரு பங்கு மும்மடங்கு விரைவாகவும் அதிரும். தந்தி முழுவதும் நொடிக்கு 100 முறை அதிர்வதாகக் கொண்டால், அதன் பகுதிகள் முறையே 200, 300, 400, 500 முறை என அதிரும். இந்த வரிசையையே இசை நூலார் இசைத் தொடர் என்பர். அடிப்படை ஒலியைச் சட்சம் என்று கொள்வோமாயின், இரண்டாவது மேல் சட்சம். மூன்றாவது அதற்கு மேற்பட்ட பஞ்சமம். நான்காவது மீண்டும் சட்சம். ஐந்தாவதோ அந்தர காந்தாரம்! தம்புராவில் தானே பிறந்த சுரம், ஐந்தாகப் பிரிந்து அதிரும் தந்தியின் குரலே ஆகும். ஆறாவது மறுபடியும் பஞ்சமம். ஏழாவது சற்று முரண்டு பிடிக்கும். அது கைசிகி நிஷாதத்தினும் சிறிது தாழ்ந்து நிற்பதால், பாடகர் பயிலும் சுரங்களோடு முற்றும் பொருந்துவதில்லை.

தந்தியின் நீளத்திற்கும் சுரத்திற்கும் எண்ணால் தொடர்பு உண்டு என்பதைக் கிரேக்க நாட்டுப் பித்தாகரஸின் வழிவந்தோர் பன்னெடுங்காலத்திற்கு முன்பே அறிந்திருந்தனர். கொல்லன் உலைக்களத்தில் சம்மட்டிகள் எழுப்பிய ஒலியைக் கேட்டு, அவற்றின் எடையை நிறுத்துப் பார்த்துப் பித்தாகரஸ் இவ்வுண்மையைக் கண்டார் என்று ஒரு கதை வழங்குகிறது. கதை அழகியது, ஆனால் நடந்திருக்க இயலாதது. சம்மட்டியின் எடை இரு மடங்கானால் ஒலி ஒரு ஸ்தாயி மாறிவிடுவதில்லை. கதையைத் திருப்பிச் சொன்ன பலருள், சம்மட்டியைக் கையில் எடுத்துச் சோதித்தவர் நெடுங்காலம் எவருமிலர் போலும்.

மேற்சுரங்களை முறையாக ஆராய்ந்து, அடிப்படை ஒலி, இசைவொலி, கணு என்னும் கருத்துகளுக்குப் பெயரிட்டவர் பிரெஞ்சு அறிஞர் ஜோசப் சோவர். அவர் தம் ஆய்வை 1701இல் வெளியிட்டார். ஏழு வயது வரை பேச்சு வாராதவர் அவர்; இசையைத் தாமே தேர்ந்து கேட்கும் செவித்திறனும் வாய்க்கப் பெறாதவர். இசைவாணர் சிலருடைய செவிகளைத் துணையாகக் கொண்டே அவர் ஒலியியலுக்கு அடிகோலினார்.

தம்புராவில் மட்டும் மேற்சுரங்கள் இத்துணைத் தெளிவாக ஒலிப்பது ஏன்? இதனை ஆராய்ந்தவர், திருச்சிராப்பள்ளியில் 1888இல் பிறந்த சர் சி. வி. இராமன். ஒரு தந்தியை எந்தப் புள்ளியில் மீட்டுகிறோமோ, அப்புள்ளியைக் கணுவாகக் கொண்ட மேற்சுரங்கள் ஒலிக்கமாட்டா என்பது மேனாட்டார் கண்ட விதி. தம்புராவிலும் வீணையிலும் அவ்விதி செல்லவில்லை என்பதை 1921இல் இராமன் எடுத்துக்காட்டினார். காரணம் குதிரையின் அமைப்பே. அதன் மேற்பரப்பு கூர்மையாக இராமல் அகன்று சற்றே வளைந்திருக்கிறது. தம்புராவில் அதன்மேல் தந்திக்கு அடியில் சிறு நூலிழை ஒன்றும் செருகப்படும். தந்தி அதிருந்தோறும் அவ்வளைவில் பட்டுப் பட்டு மீள்வதால், அடங்கியிருக்க வேண்டிய மேற்சுரங்களும் உயிர்பெற்று எழுகின்றன. அந்நூலிழைக்கு ‘ஜீவாளி’ என்று பெயரிட்டவர் பொருளறிந்தே பெயரிட்டனர். மிருதங்கத்தின் வலந்தலையில் இடப்பெறும் கருஞ்சாந்தும் இத்தகைய வேலையையே செய்கிறது. வெறுந்தோலின் மேலொலிகள் முழுவெண் மடங்குகளாக அமைவதில்லை; சாந்தின் எடையே அவற்றை இசைத் தொடரில் நிறுத்துகிறது. இதனையும் இராமன் 1920இல் வெளியிட்டார்.

இனி, கணித நூலார் கூறும் இசைத் தொடரைக் காண்போம். இசை நூலார் அதிர்வுகளை எண்ணினர். கணித நூலாரோ அதிரும் பகுதிகளின் நீளங்களை எடுத்துக்கொண்டனர். தந்தியின் நீளம் 1 எனின், பகுதிகளின் நீளம் 1/2, 1/3, 1/4, 1/5 என அமையும். இவற்றை ஒன்றோடொன்று கூட்டிக்கொண்டே சென்றால் என்ன ஆகும்?

உறுப்புகள் வரவரச் சிறுத்துக்கொண்டே போகின்றன. ஆயிரமாவது உறுப்பு ஆயிரத்தில் ஒரு பங்கே. ஆகவே கூட்டுத்தொகை ஓர் எல்லையைத் தாண்டாது என்றே எவரும் கருதுவர். 1 + 1/2 + 1/4 + 1/8 எனப் பாதி பாதியாகக் குறையும் தொடரை எத்துணை நீட்டினாலும் அது 2-ஐத் தாண்டுவதில்லை அன்றோ? இசைத் தொடரும் அவ்வாறே இருக்கும் என்பது இயல்பான எண்ணம். ஆனால் அவ்வெண்ணம் பிழை என்று ஏறத்தாழ 1350இல் பிரெஞ்சு நாட்டு நிக்கோல் ஒரேம் நிறுவினார்.

அவர் கையாண்ட வழி மிக எளியது. 1/3, 1/4 ஆகிய இரண்டையும் சேர்த்துப் பார்த்தார். 1/3 என்பது 1/4-ஐ விடப் பெரிது. ஆதலின் இவ்விரண்டின் கூட்டு, இரண்டு கால்களாகிய அரையினும் மிகுதி. அடுத்து 1/5 முதல் 1/8 வரையுள்ள நான்கு உறுப்புகள். அவற்றுள் எதுவும் 1/8-க்குக் குறையாது. எனவே அவற்றின் கூட்டும் அரையினும் மிகுதி. பின்னர் 1/9 முதல் 1/16 வரை எட்டு உறுப்புகள். அவையும் அரைக்கு மேல். இவ்வாறு தொடரை வெட்டி வெட்டி அரைகளை எடுத்துக்கொண்டே இருக்கலாம். அரைகள் தீர்வதே இல்லை. ஆகவே கூட்டுத்தொகைக்கு எல்லையும் இல்லை! பிறர் கவனியாது கிடந்த இவ்வுண்மையை 17ஆம் நூற்றாண்டில் இத்தாலியரான மெங்கோலியும், சுவிட்சர்லாந்தின் பெர்னூலி உடன்பிறந்தாரும் மீண்டும் வேறு வழிகளால் கண்டனர்.

எல்லையின்றி வளரினும் அது வளரும் நடை ஆமை நடையினும் மெதுவானது. ஆயிரம் உறுப்புகளைக் கூட்டினால் கிடைப்பது ஏறத்தாழ 7.49, பத்து இலட்சம் உறுப்புகளைக் கூட்டினாலும் 14.39 அளவே. தொகை 10-ஐத் தாண்ட 12,367 உறுப்புகள் வேண்டும். 100-ஐத் தாண்ட வேண்டிய உறுப்புகளின் தொகையை எழுத 44 இலக்கங்கள் தேவைப்படும். வெறுமனே கூட்டிப் பார்த்து விடை காண முயல்பவர், தொகை ஏதோ ஓரிடத்தில் நின்றுவிட்டது என்றே முடிவு கட்டுவர். இங்கே கைக்கணக்கு பொய்த்துவிடுகிறது.

தந்தியும் அவ்வளவு தொலைவு உடன்வருவதில்லை. மனிதச் செவி நொடிக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலியைக் கேளாது. 100 அதிர்வில் தொடங்கும் தந்தியில் செவிக்கு எட்டக்கூடியவை முதல் 200 பகுதிகளே. அவற்றின் நீளங்களைக் கூட்டினால் 6 கூட நிரம்பாது. அதற்கு அப்பால் இசை நின்றுவிடுகிறது. எண் மட்டும் செல்கிறது.

இத்தொடரின் ஆற்றலை வகுப்பறை மேசைமீதே காணலாம். ஒரே அளவுள்ள நான்கு புத்தகங்களை ஒன்றன்மேல் ஒன்றாக மேசை விளிம்பில் அடுக்குக. மேலிருப்பது தன் கீழுள்ளதற்கு வெளியே தன் நீளத்தில் 1/2 பங்கும், இரண்டாவது 1/4 பங்கும், மூன்றாவது 1/6 பங்கும், நான்காவது மேசைக்கு வெளியே 1/8 பங்கும் நீட்டி நிற்குமாறு அமைக்க வேண்டும். இவை இசைத் தொடர் உறுப்புகளின் பாதிகளே. கூட்டினால் 25/24 வரும். அஃது ஒரு புத்தக நீளத்தினும் சற்று மிகுதி. கணக்கின்படி நான்கு போதும். ஆயினும் அவை விழுமா நிற்குமா என்னும் நிலையில் இருப்பதால், ஐந்தாவது புத்தகம் ஒன்றையும் அடியில் சேர்த்து, நீட்டும் அளவுகளைச் சிறிது குறைத்துக்கொள்வது நல்லது. அடுக்கு நிலைபெற்றபின் மேலிருந்து நேர்கீழே நோக்கினால், உச்சியிலுள்ள புத்தகத்தின் எந்தப் பகுதிக்கு அடியிலும் மேசை இராது.