கெட்டுப்போன கின்னஸுக்குக் காசு கொடுக்க வேண்டாம்

டப்ளினில் குடித்த கின்னஸ் பீர் தொண்டையில் வழுக்கிக்கொண்டு இறங்கியது, லண்டனில் குடித்தது புளித்தது என்று சொல்லாதவர்கள் குறைவு. உடனே, “அயர்லாந்துச் சரக்கே வேறு” என்று முடிவு கட்டிவிடுவார்கள். அது சரியல்ல. லண்டன் பார்க் ராயலில் 1936 முதல் இயங்கிய கின்னஸ் ஆலை 2005-இல் மூடப்பட்டது. அதன்பின் பிரிட்டன் பப்களுக்கான கின்னஸும் டப்ளின் செயின்ட் ஜேம்ஸ் கேட்டில்தான் காய்ச்சப்படுகிறது.

ஆனால் ருசியில் வித்தியாசம் இருப்பது உண்மை. 2011-இல் ‘ஜர்னல் ஆஃப் ஃபுட் சயன்ஸ்’ இதழில் வந்த ஆய்வுக்காக, ஆய்வாளர்கள் நால்வர் 14 நாடுகளில் 71 கடைகளில் கின்னஸ் குடித்து மதிப்பெண் போட்டார்கள். நூற்றுக்கு அயர்லாந்து 74, மற்ற நாடுகள் 57. பிரிட்டன் பப்புக்கும் டப்ளின் சரக்கே வருகிறது என்றால், அங்கே கோளாறைக் கடைக்குள்தான் தேட வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது குழாயை. நிலவறையில் இருக்கும் பீப்பாயிலிருந்து கவுன்ட்டர் வரை பல மீட்டர் நீளத்துக்குக் குழாய் ஓடுகிறது. அதன் உட்சுவரில் ஈஸ்டும் பாக்டீரியாவும் வழவழப்பாகப் படியும். வாரம் ஒரு முறை கழுவ வேண்டும் என்பது பிரிட்டனில் பொதுவான நடைமுறை. கழுவும்போது குழாயில் நிற்கும் பீரைக் கொட்டிவிட வேண்டும். அந்த நஷ்டத்துக்கு அஞ்சி நாளைத் தள்ளிப்போடும் கடைகள் உண்டு. விளைவு வாயில் தெரியும்: புளிப்பு, வினிகர் நெடி, சில சமயம் வெண்ணெய் வாடை. விற்பனை மந்தமான கடையில் இன்னொரு சிக்கல். 50 லிட்டர் பீப்பாயில் சுமார் 88 பைண்ட் (ஒரு பைண்ட் 568 மில்லி) இருக்கும். நாளைக்கு ஐந்து பைண்ட் மட்டுமே விற்றால், திறந்த பீப்பாய் காலியாக இரண்டரை வாரம் ஆகிவிடும்.

அடுத்தது வாயு. கின்னஸுக்கு ஏறக்குறைய 70 முதல் 75 சதவீதம் நைட்ரஜனும் மீதி கார்பன் டை ஆக்சைடும் கலந்த வாயு தேவை. அந்த முறையை 1959-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் மைக்கேல் ஆஷ் என்ற கணிதவியலாளர். குழாய் முனையில் உள்ள தட்டின் நுண்துளைகள் வழியாக பீர் பீறிட்டு வரும்போதுதான் அந்த மெல்லிய நுரை உருவாகிறது. வாயுக் கலவை தவறினால் குமிழி பெருக்கும், நாக்கில் சுரீரென்று குத்தும்.

கிளாஸைக் கண்ணாலேயே சோதித்துவிடலாம். உட்புறத்தில் குமிழிகள் ஒட்டிக்கொண்டு நின்றால் அங்கே எண்ணெய்ப் பசையோ சோப்போ இருக்கிறது. சுத்தமான கிளாஸில் ஒவ்வொரு மிடறுக்கும் நுரை ஒரு வளையம் விட்டுப்போகும். 45 டிகிரி சாய்த்து முக்கால் பங்கு ஊற்றி, அடங்கவிட்டு, பிறகு நிரப்பும் சடங்கைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். விளம்பரம் அதற்கு 119.5 விநாடி என்று கணக்கும் சொல்லும். அழுக்குக் குழாயிலிருந்து வந்த பீரை எத்தனை விநாடி காத்திருந்து ஊற்றினாலும் தேறாது.

பிரிட்டனில் சட்டம் வாடிக்கையாளர் பக்கம் நிற்கிறது.  ஒரு பைண்டில் நுரை அடங்கிய பின் குறைந்தது 95 சதவீதம், அதாவது சுமார் 540 மில்லி, பானம் இருக்க வேண்டும் என்பது தொழில்துறையின் வழிகாட்டு விதி. குறைந்தால் நிரப்பித் தரச் சொல்லலாம். பொருள் திருப்தியான தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம். கின்னஸ் கேட்டவருக்கு வேறு கறுப்பு பீரை ஊற்றிக் கொடுப்பது 1990-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகலாம். கடை மசியவில்லை என்றால் ‘சிட்டிசன்ஸ் அட்வைஸ்’ நுகர்வோர் உதவி எண் வழியாக டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் துறைக்குப் புகார் போகும். அயர்லாந்தில் 2022-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் இருக்கிறது. அங்கே போட்டி மற்றும் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தை நாடலாம்.

புளிப்பு வேறு, எரிச்சல் வேறு. குழாய் கழுவும் திரவத்தில் காஸ்டிக் இருக்கும். சரியாக அலசாத குழாயிலிருந்து அது கிளாஸுக்கு வந்தால் வாயும் உணவுக்குழாயும் வெந்துபோகும். முதல் வாயிலேயே எரிந்தால் உடனே துப்பி, வாயைத் தண்ணீரால் கொப்பளியுங்கள். விழுங்கியிருந்தால் வாந்தி எடுக்க முயலாமல் 999-ஐ அழையுங்கள். அந்தக் கிளாஸைக் கொட்டவிடாதீர்கள், அதுதான் சாட்சி. உள்ளாட்சியின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவுக்கும் தெரிவியுங்கள்.

மற்றபடி ருசி சரியில்லை என்றால் ஒன்றிரண்டு மிடறிலேயே கவுன்ட்டருக்குக் கொண்டுபோய்ச் சொல்லுங்கள். முக்கால் கிளாஸ் காலியான பிறகு சொன்னால் எடுபடாது. “குழாயைக் கடைசியாக எப்போது கழுவினீர்கள்?” என்று கூச்சப்படாமல் கேளுங்கள், ஒழுங்காக நடத்துகிற கடைக்காரர் நாளைச் சொல்லிவிட்டு வேறு பைண்ட் ஊற்றித் தருவார்.