அணு உலையிலிருந்து முழங்காலுக்கு

முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சையில் பொருத்தப்படும் செயற்கை மூட்டுகள் பெரும்பாலும் வெள்ளி நிறத்தில் மின்னும். ஒரு வகை மட்டும் கன்னங்கரேலென்று இருக்கும். தொடை எலும்பின் நுனியை மூடும் அந்தக் கறுப்புத் துண்டைப் பார்த்தால் யாரோ பெயிண்ட் அடித்துப் பாலிஷ் போட்டிருக்கிறார்கள் என்றே தோன்றும். அது பெயிண்ட் இல்லை. மேலே பூசிய எதுவும் இல்லை. உலோகத்தின் மேற்பரப்பே பீங்கானாக மாறியிருக்கிறது.

இதற்கான காப்புரிமை விண்ணப்பம் 1989-ல் அமெரிக்காவில் பதிவானது. கண்டுபிடித்தவர் ஜேம்ஸ் டேவிட்சன். 1991-ல் காப்புரிமை ஸ்மித் அண்ட் நெஃப்யூ குழுமத்துக்குக் கிடைத்தது, எண் 5,037,438. 1990-களின் பிற்பகுதியில் 'ஆக்ஸினியம்' என்ற பெயரில் இது நோயாளிகளுக்குப் பொருத்தப்படத் தொடங்கியது. பொருளறிவியலில் ஒரு காப்புரிமை எப்படிப் பிறக்கிறது, எதற்கு உத்தரவாதம் தருகிறது, எதற்குத் தருவதில்லை என்பதைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

முதலில், எதற்காக இந்தப் பாடு? செயற்கை முழங்காலில் மேல்பக்கம் உலோகம். அது உரசும் கீழ்ப்பக்கம் பாலிஎத்திலீன் என்னும் கெட்டியான பிளாஸ்டிக். நடக்க நடக்க பிளாஸ்டிக் தேயும். உலோகப் பரப்பில் நுண்ணிய கீறல் விழுந்தால்கூட தேய்மானம் கூடும். அப்படி உதிரும் துகள்கள் கண்ணுக்குத் தெரியாதவை. அவற்றை விழுங்க வரும் நோயெதிர்ப்புச் செல்கள் தூண்டப்பட்டு, சுற்றியுள்ள எலும்பு கரையத் தொடங்கும். மூட்டு ஆட்டம் காணும். அடுத்தது மறு அறுவை சிகிச்சைதான். வழக்கமான கோபால்ட்-குரோமிய உலோகத்தில் சிறிதளவு நிக்கலும் இருக்கும் என்பதால், நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்களுக்குக் கவலை இன்னும் ஒன்று கூடுதல்.

பீங்கானில் கீறல் எளிதில் விழாது. ஆனால் அது நொறுங்கும். உலோகம் நொறுங்காது, ஆனால் கீறும். இரண்டின் நல்ல குணமும் ஒரே பொருளில் வேண்டும் என்பதுதான் கேள்வி.

இதற்கான விடை மருத்துவத் துறையிலிருந்து வரவில்லை. கனடாவின் அணுசக்தி ஆய்வாளரான வாட்சன் 1961-லேயே ஜிர்கோனியம் தாங்கிகளுக்கு, அதாவது பேரிங்குகளுக்கு, காப்புரிமை பெற்றிருந்தார். அணு உலையின் உள்ளே ஜிர்கோனியம் உகந்த உலோகம். நியூட்ரான்களை அது அதிகம் விழுங்குவதில்லை. ஆனால் எண்ணெயோ கிரீஸோ போட முடியாத இடத்தில் ஜிர்கோனியத்தோடு ஜிர்கோனியம் உரசினால் ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும். அதைச் சூடாக்கி மேற்பரப்பை ஆக்சைடாக மாற்றிவிட்டால் பற்றாது, எளிதில் தேயாது. டேவிட்சனின் காப்புரிமை ஆவணமே வாட்சனைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. முன்பு தெரிந்தது எது, தான் புதிதாகச் செய்தது எது என்று விண்ணப்பதாரர் பிரித்துக் காட்டியாக வேண்டும். கறுப்பு ஆக்சைடு வாட்சனுக்கே தெரியும். அதை மனித உடலுக்குள் உரசும் மூட்டாக அமைத்ததுதான் டேவிட்சன் கோரிய புதுமை.

செய்முறை கேட்க எளிது. 97.5 சதவீத ஜிர்கோனியம், 2.5 சதவீத நியோபியம் கலந்த உலோகத்தை மூட்டின் வடிவத்துக்குக் கொண்டுவந்து, சுமார் 500 டிகிரி செல்சியஸில் காற்றில் சூடாக்குகிறார்கள். ஆக்சிஜன் உலோகத்துக்குள் ஊடுருவி, மேலே ஏறத்தாழ 5 மைக்ரான் தடிமனில் ஜிர்கோனியா பீங்கான் உருவாகிறது. தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அடியில் ஆக்சிஜன் செறிந்த உலோகம், அதற்கும் அடியில் சாதாரண உலோகம் என்று படிப்படியாக மாறுவதால், பூச்சுபோல உரிந்துவரும் ஆபத்து குறைவு. நிக்கலும் அநேகமாக இல்லை.

முழுக்க ஜிர்கோனியாவிலேயே மூட்டுச் செய்தால் என்ன என்று கேட்கலாம். செய்தார்கள். அந்தக் கதைக்கு ஆஸ்திரேலியா போக வேண்டும். தூய ஜிர்கோனியாவைச் சுட்டு ஆறவைத்தால், சுமார் 1,170 டிகிரிக்குக் கீழே அதன் படிக அமைப்பு மாறி, கன அளவு 4 சதவீதத்துக்கும் மேல் பெருகும். பொருள் தானாகவே வெடித்துத் தூளாகும். மெக்னீசியா, யிட்ரியா போன்றவற்றைக் கொஞ்சம் சேர்த்தால் அந்த மாற்றத்தைத் தடுத்து வைக்கலாம். ஆஸ்திரேலிய அரசின் ஆய்வு அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வில் கார்வி, ஹன்னிங்க், பாஸ்கோ மூவரும் அந்தக் குறையையே பலமாக்கினார்கள். மாற்றம் தடுத்து வைக்கப்பட்ட ஜிர்கோனியாத் துகள்கள், விரிசல் ஒன்று நெருங்கும்போது அதன் அழுத்தத்தால் விடுபட்டுப் பெருக்கின்றன. பெருத்த துகள்கள் இருபக்கமும் நெருக்க, விரிசல் மேலே போக முடியாமல் நிற்கிறது. 1975-ல் 'நேச்சர்' இதழில் அவர்கள் எழுதிய கட்டுரையின் தலைப்பு 'பீங்கான் எஃகு?'. கேள்விக்குறியையும் போட்டிருந்தார்கள். அறிவியலாளர்கள் இப்படித்தான் எழுத வேண்டும் என்று நினைக்கத் தோன்றும் அடக்கம் அது. இன்று பல் மருத்துவமனைகளில் 'ஜிர்கோனியா கேப்' என்று போடுவது யிட்ரியா சேர்த்த இதே குடும்பத்துப் பொருள். சுண்ணாம்புக் கட்டிபோல மென்மையாக இருக்கும்போதே, சுட்டால் சுருங்கும் அளவைக் கணக்கிட்டுப் பெரிதாகக் கடைந்து, பிறகு சுமார் 1,500 டிகிரியில் சுடுகிறார்கள்.

இடுப்பு மூட்டின் பந்துக்கும் ஜிர்கோனியாவைப் பயன்படுத்தினார்கள். பல ஆண்டுகள் பெரிய புகார் இல்லை. 1998-ல் ஒரு பிரெஞ்சுத் தயாரிப்பாளர் சூளையை மாற்றினார். தொகுதி தொகுதியாகச் சுடும் சூளைக்குப் பதில், தொடர்ச்சியாகச் சுடும் சுரங்கச் சூளை. மாறியது சூளை மட்டும்தான். ஆனால் அதில் சுட்ட பந்துகளில் சில தொகுதிகள் நோயாளிகளின் உடலுக்குள்ளேயே உடையத் தொடங்கின. 2001 ஆகஸ்டில் அவை திரும்பப் பெறப்பட்டன. அதற்குப் பிறகு இடுப்பு மூட்டில் முழு ஜிர்கோனியாவின் பயன்பாடு வெகுவாகச் சரிந்தது. காப்புரிமை ஆவணத்தில் எழுதியிருப்பது பொருளின் சேர்மானமும் வழிமுறையும். சூளையின் பக்குவம் அதில் முழுமையாக வருவதில்லை.

நம் ஊருக்கும் ஜிர்கோனிய உலோகத்துக்கும் உள்ள உறவு பலருக்குத் தெரியாது. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலிருந்து ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் இல்மனைட், ரூட்டைல், மோனசைட் ஆகியவற்றோடு ஜிர்கானையும் பிரித்தெடுக்கிறது. ஜிர்கோனியத்தின் மூலக் கனிமம் இதுதான். தூத்துக்குடி அருகே பழையகாயலில் அணுசக்தித் துறையின் ஜிர்கோனியம் ஆலை 2009 முதல் இயங்குகிறது. டேவிட்சன் மூட்டுக்குப் பயன்படுத்திய அதே 2.5 சதவீத நியோபியக் கலவையாலான குழாய்கள்தான், கல்பாக்கத்தின் சென்னை அணுமின் நிலையத்தில் புதுப்பிப்புப் பணியின்போது பழைய அழுத்தக் குழாய்களுக்குப் பதிலாகப் பொருத்தப்பட்டன. மணல் இருக்கிறது, உலோகம் இருக்கிறது, அந்தக் கலவையைக் கையாளும் அனுபவமும் நாட்டில் இருக்கிறது. டேவிட்சனின் முதல் காப்புரிமை 2009-லேயே காலாவதியாகிவிட்டது. காலாவதியான காப்புரிமையின் செய்முறை எல்லோருக்கும் பொது. இணையத்தில் கட்டணமின்றிப் படிக்கலாம். நம் பொறியியல் கல்லூரிகளில் காப்புரிமை எடுப்பது பற்றிப் பயிலரங்குகள் நடக்கும் அளவுக்கு, காலாவதியானவற்றைப் படிக்கும் பழக்கம் இல்லை என்பது என் வருத்தம்.

இந்தியச் சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1970-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டம் இயற்கையில் கிடைக்கும் பொருளைக் கண்டறிந்ததற்காகக் காப்புரிமை தராது. அறுவை சிகிச்சை முறைக்கும் தராது. மூட்டைப் பொருத்தும் மருத்துவரின் கைவண்ணம் யாருடைய தனியுரிமையும் ஆகாது. மூட்டு என்ற கருவி ஆகலாம். காலம், விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள்.

கடைசியாக முக்கியமான கேள்வி: கறுப்பு மூட்டு உண்மையிலேயே சிறந்ததா? ஆய்வகத்தில் தேய்மானம் குறைவு என்பது உறுதி. ஆனால் முழங்கால் நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்த ஒப்பீட்டு ஆய்வுகள் பலவற்றில், கோபால்ட்-குரோமியத்தைவிடத் தெளிவான மேன்மை தென்படவில்லை. மேலே உள்ள 5 மைக்ரான் அடுக்கு சேதமானால் அடியில் இருக்கும் உலோகம் மென்மையானது என்ற பலவீனமும் உண்டு. இடுப்பு மூட்டு நழுவிய நோயாளிகளில் இதைக் கண்டிருக்கிறார்கள். நிக்கல் ஒவ்வாமை உள்ளவருக்கு இது நல்ல மாற்று. மற்றவர்களுக்குக் கூடுதல் விலைக்கு ஏற்ற கூடுதல் பலன் இருக்கிறது என்று சொல்லும் அளவுக்குச் சான்று இல்லை. காப்புரிமை அலுவலகம் பார்ப்பது புதுமையா, வெளிப்படையாகத் தெரியாததா, பயன்படக்கூடியதா என்பதை மட்டுமே. பழையதைவிட நோயாளிக்கு நல்லதா என்று அது கேட்பதில்லை. 'காப்புரிமை பெற்ற தொழில்நுட்பம்' என்று விளம்பரத்தில் பார்க்கும்போது இதை நினைவில் வைப்பது நல்லது.

2017 ஆகஸ்டில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் முழங்கால் மூட்டுகளுக்கு உச்சவரம்பு விதித்தது. அப்போது கோபால்ட்-குரோமியத்துக்கு 54,720 ரூபாய், டைட்டானியம், ஆக்சைடாக்கிய ஜிர்கோனியம் ஆகிய 'சிறப்பு உலோக' வகைக்கு 76,600 ரூபாய், வரி தனி. அதற்கு முன் ஜிர்கோனிய வகை இரண்டரை லட்சம் ரூபாய் அளவுக்கு விற்றது. உச்சவரம்பு அவ்வப்போது திருத்தப்படுவதால், சிகிச்சைக்கு முன் நடப்பு விலையை ஆணையத்தின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். மூட்டின் விலை, பிராண்டு, தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் பெயர், தொகுதி எண் ஆகியவற்றை மருத்துவமனை பில்லில் தனியாகக் காட்ட வேண்டும் என்பதும் அந்த ஆணையில் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கி, டிஸ்சார்ஜ் சம்மரியோடு பத்திரப்படுத்துங்கள். ஒரு தொகுதி திரும்பப் பெறப்பட்டாலோ, மறு அறுவை சிகிச்சை தேவைப்பட்டாலோ, மருத்துவர் முதலில் கேட்பது அந்த விவரத்தைத்தான்.