துருப்பிடிக்காத எஃகின் கவசம்

நாம் எவர்சில்வர் என்று வழங்கும் துருப்பிடிக்காத எஃகில் பெரும்பகுதி இரும்புதான். எனினும், மழையில் கிடக்கும் ஆணி சில நாட்களில் துருவேறுகிறது; எவர்சில்வர் தட்டோ பல்லாண்டுகள் நீரில் கழுவப்பட்டும் மின்னுகிறது. இரண்டையும் சூழ்ந்திருப்பது ஒரே காற்று. ஒன்றை அழிக்கும் காற்றே மற்றொன்றை எவ்வாறு காக்கிறது? மாணவ நேயர்களுக்கு இதனையே இன்று விளக்க விரும்புகிறேன்.

செறிந்த நைட்ரிக் அமிலத்தில் தோய்த்த இரும்பு, பின்னர் நீர் கலந்த அமிலத்தில் இட்டாலும் கரைவதில்லை. இவ்விந்தையை 1836-ஆம் ஆண்டில் ஷோன்பைன் என்னும் வேதியியலறிஞர் மைக்கேல் பாரடேக்கு எழுதினார். இரும்பின் மேற்பரப்பு ஆக்ஸிஜனோடு கூடி ஒரு காப்பினைப் பெற்றிருக்க வேண்டுமெனப் பாரடே கருதினார். ஆயினும் அக்காப்பு நிலையற்றது. ஒரு கீறல் பட்டால் அரிப்பு மீண்டும் தொடங்கிவிடும்.

நிலையான காப்பினை அளித்தது குரோமியம். 1913-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரில், எளிதில் தேயாத துப்பாக்கிக் குழலுக்கேற்ற எஃகினைத் தேடிய ஹாரி பிரேர்லி, ஏறத்தாழ 13 சதவீதம் குரோமியம் கலந்த எஃகினை உருவாக்கினார். அது அமிலங்களின் அரிப்பை எதிர்த்து நிற்பதை அவர் கண்டார்.

காரணம் யாது? இரும்பினும் குரோமியத்துக்கு ஆக்ஸிஜன்மீது நாட்டம் மிகுதி. காற்றுப் பட்டவுடன் மேற்பரப்பிலுள்ள குரோமியம் ஆக்ஸைடாக மாறுகிறது. இரும்பின் துரு பொருபொருத்து உதிர்வது. அதன் இடுக்குகள் வழியே நீரும் காற்றும் உள்ளே புகும். குரோமிய ஆக்ஸைடோ நெருக்கமாக அமைந்து உலோகத்தை இறுகப் பற்றிக்கொள்வது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால், அவற்றுள் இரண்டு மூன்று பங்கே இப்படலத்தின் தடிப்பு. குரோமியம் ஏறத்தாழ 11 சதவீதமேனும் இருந்தால்தான் படலம் இடைவெளியின்றிப் படரும். கீறல் விழுந்தாலும் கவலையில்லை. வெளிப்பட்ட குரோமியம் மீண்டும் ஆக்ஸிஜனோடு கூடிப் புண்ணை உடனே ஆற்றிவிடும்.

ஆனால், இக்கவசத்துக்கும் பகை உண்டு. உப்பிலுள்ள குளோரைடு, படலத்தை ஆங்காங்கே துளைக்கும். துளைக்குள் ஆக்ஸிஜன் குறைந்து அமிலத்தன்மை பெருகுவதால், அங்கே படலம் மீண்டும் தழைப்பதில்லை. வெளியே பளபளப்பு இருக்க, உள்ளே அரிப்பு ஆழ்ந்து செல்லும். உலோகம் இழுவிசைக்கும் உட்பட்டிருந்தால் விரிசலே தோன்றலாம். 1985-ஆம் ஆண்டு மே மாதத்தில் சுவிட்சர்லாந்தின் ஊஸ்டர் நகரில், ஒரு நீச்சல் குளத்தின் கான்கிரீட் உட்கூரை இடிந்து வீழ்ந்து 12 பேர் மாண்டனர். அதனைத் தாங்கியிருந்தவை துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளே! குளோரின் கலந்த குளத்துநீரிலிருந்து எழுந்த ஆவியால் கம்பிகளில் குளோரைடு படிந்து, அவை விரிசலுற்றிருந்தன.

ஆதலின், நாளைய பொறியாளர்களாகிய நீங்கள் ஓர் உலோகத்தின் பெயரை மட்டும் நம்பிவிடாதீர்கள். அது எவ்விடத்தில் நிற்கப்போகிறது, அதன்மேல் காற்றுப் படுமா, உப்புப் படியுமா, அதனைச் சோதித்துப் பார்க்க வழியுண்டா என்று முன்னரே வினவுங்கள். எஃகின் கவசம் எஃகினால் மட்டும் ஆனதன்று. சூழலும் சேர்ந்து அளிப்பது.